போன் மேய்க்கிற வெங்கடப்பன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஓசூரில் என் ஸ்டூடியோவுக்கு வந்துபோகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பொற்கொடி அக்கா நல்லா எடுப்பாங்க, ஆனா அவங்க வாயில மட்டும் விழுந்துறக் கூடாது" என்பார்கள். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் தாத்தாவைக்கூட "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, மறைக்குது" என்று சத்தம் போட்டவள் நான். அப்பேர்ப்பட்ட என்னைத் திட்டவும் வைத்து, வயிறு வலிக்கச் சிரிக்கவும் வைத்து, கடைசியில் பேச்சே வராமல் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரவும் வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் வெங்கடப்பன். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் இருக்கிற பசவனதொட்டிக்காரர்.

பசவனதொட்டியில் கரண்ட் இருக்கிறது, டிவி இருக்கிறது, வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன்கூட இருக்கிறது. சிக்னல் மட்டும் கிடையாது. அது வேண்டுமென்றால் ஊருக்கு மேற்கே இருக்கிற பாறை மேல் ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். வெங்கடப்பன் தினமும் மாடுகளை ஓட்டிப் போவது அந்தப் பக்கம்தான். "எப்பிடியும் போற, இதையும் எடுத்துனு போயேன்" என்று யாரோ ஒருவர் முதலில் தன் போனைக் கொடுத்திருக்கிறார். அப்புறம் பக்கத்து வீடு, எதிர்வீடு என்று ஆரம்பித்து, இப்போது ஊர் போன் மொத்தமும் காலையில் அவருடைய பையில்தான் மலை ஏறுகிறது.

அதில் அவர் தனியாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஊர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே மகனுக்கும் மருமகளுக்கும் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து அமுக்கிவிடுவார்கள். அது போகாமல் கடிகாரக் குறியைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். பை பாறைக்கு மேல் போனதும், நின்றுகொண்டிருந்ததெல்லாம் தானாகக் கிளம்பும். வர வேண்டியதும் வந்து சேரும். பைக்குள் டிங் டிங் என்று சத்தம் ஆரம்பித்தால் மாடுகள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லையாம், அவ்வளவு பழக்கம். பையை மரக்கிளையில் மாட்டிவிட்டு அவர் கம்பளியை விரித்துப் படுத்துவிடுவார். சாயங்காலம் மாடுகளோடு போன்களும் வீடு திரும்பும்.

"மாட்ட ஒழுங்கா மேய்க்கறனோ இல்லியோ, போன நல்லா மேய்க்கறன்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இந்த வேலைக்கு அவர் பழகியது ஓசூரில். ஒரு கம்பெனி கேட்டில் கொஞ்ச காலம் செக்யூரிட்டியாக இருந்திருக்கிறார். உள்ளே போகிறவர்களிடம் போனை வாங்கி, டோக்கன் கொடுத்து, அலமாரியில் வைப்பதுதான் வேலை. டோக்கனைப் பார்க்காமலே, ரிங்டோனைக் கேட்டே இது யாருடைய போன் என்று சொல்லிவிடுவாராம். ஷிப்ட் சங்குதான் அவருக்கு ஒத்துவரவில்லை. "சங்கு ஊதுனா சோறு, சங்கு ஊதுனா தூக்கம். நானு என்ன மெசினா?" என்று தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அக்கா மாரம்மாவின் ஒரே மகள் ரேவதிதான் அவருக்கு எல்லாம். வழியில் யானை நடமாட்டம் என்று கேள்விப்பட்டால், அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர். அவள் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு, அவளுடைய வாய்ஸ் மெசேஜை முதலில் கேட்கிற ஆளும் அவர்தான். பாறையிலேயே கேட்டுவிடுவார். மாரம்மா சாயங்காலம் கேட்கும்போது, அடுத்து ரேவதி என்ன சொல்வாள் என்று முன்கூட்டியே சொல்லித் திட்டு வாங்குவார்.

அந்த ரேவதிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பிரகாஷ் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். படம் எடுக்க என்னைப் பிடித்தார்கள்.

மாப்பிள்ளையும் அவனுடைய அப்பா அம்மாவும் முதல் நாளே போய்விட்டார்கள். மற்ற சொந்தக்காரர்களோடு நான் விடியற்காலையில் வேனில் கிளம்பினேன். அஞ்செட்டியைத் தாண்டிக் காட்டுக்குள் போனதும் நடுரோட்டில் யானைகள். தாயும் குட்டியுமாக, ரோட்டோர மூங்கிலை ஒடித்துப் போட்டு சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார்.

"ஹாரன் அடிங்கண்ணே, நேரமாகுதுல்ல" என்றேன்.

"நீங்க எறங்கிப் போயி சொல்லிட்டு வாங்க மேடம்" என்றார்.

யானைகளுக்கு எப்போது மனசு வந்ததோ அப்போதுதான் வழி கிடைத்தது. நாங்கள் பசவனதொட்டியில் இறங்கியபோது ரேவதி கழுத்தில் தாலி ஏறி, பந்தி ஆரம்பித்திருந்தது.

தாலி கட்டுகிற படமே இல்லாமல் ஒரு கல்யாண ஆல்பமா? ஆனாலும் ஒரு தைரியம். இந்தக் காலத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையே தெரியாத அளவுக்குச் சுற்றிலும் போனைத்தானே நீட்டுகிறார்கள்? "யார் யார் எடுத்தீங்க, போனைக் குடுங்க, நான் லேப்டாப்புல ஏத்திக்கிறேன்" என்று பந்தலில் நின்று கேட்டேன்.

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வெங்கடப்பன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

நடந்தது இதுதான். வேன் வரவில்லை என்றதும் எல்லோருக்கும் பதற்றம். "மேல போயி கூப்பிட்டுப் பாரு வெங்கடா" என்று பந்தலில் இருந்த அத்தனை பேரும் போனை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை போன், சம்பந்தி போன் உட்பட. அவரும் பாறைக்கு ஓடி ஒவ்வொரு போனிலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் காட்டுக்குள் நின்றோமே, எங்களுக்கு எங்கே சிக்னல்? அதற்குள் முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டிய தாய்மாமன் அவர். "அவங்களுக்கு டவர் கெடச்சதும் மெசேஜ் வரட்டும்" என்று, தினமும் செய்கிற பழக்கத்தில், பையை மரக்கிளையில் மாட்டிவிட்டுத் தன் போனை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடிவந்துவிட்டார்.

"ஊரு போனு பூராவும் மரத்துல தொங்கவுட்டுட்டு வந்து நிக்கறான் பாருங்க மேடம், எந்தம்பி!" என்று மாரம்மா கையை நீட்டிக் கத்தினாள். கோபம் ஏற ஏற அவளுக்குத் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். அதற்கு மேல் அவள் சொன்னதெல்லாம் எனக்குப் புரியவில்லை, ஆனால் நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் புரிந்தது.

"எடுத்தன்க்கா" என்றார் வெங்கடப்பன். "எம் போன்ல எடுத்தன். ரேவதி வந்தது, தாலி கட்டுனது, அல்லாம் எடுத்தன்."

"அந்தப் போன்லயா? அதுல மணி பாக்கவே ஆவாதேடா!"

அதுவும் உண்மைதான். அந்தப் போனை மாடு மிதித்ததில் திரையின் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. வெயிலில் பார்த்தால் வெறும் கறுப்புக் கண்ணாடி. கம்பளிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எழுத்து மட்டும் மங்கலாகத் தெரியும். படங்கள் நிழல் நிழலாகத்தான் தெரிந்தன. யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் சமாளிக்கப் பார்த்தேன். "ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா. மாப்பிள்ளை இன்னொரு தடவை தாலியைப் பிடிச்ச மாதிரி நிக்கட்டும், நான் எடுத்துர்றேன். எல்லாக் கல்யாணத்துலயும் செய்யிறதுதான்."

"கட்டுன தாலிய திருப்பிக் கட்டறதா? எம் பொண்ணுக்கு அப்பிடி ஒரு படம் வேணாம்" என்றாள் மாரம்மா. "சரிம்மா, அவர் போனைக் குடுங்க, ஓசூர்ல போய்ப் பார்த்துக்கிறேன்" என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. "இவன் சொல்றது நெசமான்னு இப்பவே தெரியணும். எம் பொண்ணு தாலி வாங்குன படம் இல்லன்னா, இன்னிக்கோட எனக்குத் தம்பி இல்ல."

ரேவதி மாலையும் கழுத்துமாக மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்ததும் வேன் கிளம்பிவிடும். அவளும் அதில்தான் போகிறாள். வெங்கடப்பன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

போனையும் லேப்டாப்பையும் கேபிளில் இணைத்தேன். சார்ஜ் ஏறியது, படம் வரவில்லை. கேபிளைத் திருப்பினேன், ஊதினேன், திட்டினேன். போனில் கேபிள் போகிற ஓட்டையில் என்ன அடைத்திருந்ததோ, கடைசிவரை லேப்டாப் அந்தப் போனைக் கண்டுகொள்ளவே இல்லை. ப்ளூடூத் ஞாபகம் வந்தது. நெட்டும் வேண்டாம், கேபிளும் வேண்டாம்.

வெங்கடப்பனின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மாட்டு வாடையை மூச்சுப் பிடித்துத் தாங்கி, இரண்டையும் ஜோடி சேர்த்தேன். படங்களைத் தொட்டு 'அனுப்பு' என்பதையும் அமுக்கினேன். கம்பளியை விலக்கி, "அனுப்பிட்டேன், போகுது" என்று சொல்லி, போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டுகிற பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. இணைப்பு போய்விட்டது என்றது.

திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் போன் இல்லை. வெங்கடப்பனும் இல்லை.

"எங்கய்யா போனாரு?"

ரேவதியின் அப்பா நாராயணப்பன் அதிகம் பேசாதவர். அவர் நிதானமாக மேற்கே கையைக் காட்டினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்தபடி வெங்கடப்பன் பாறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"அனுப்பறதுன்னா மேலதான மேடம் போவணும்" என்றார் நாராயணப்பன்.

தலையில் அடித்துக்கொண்டேன். என்னைத் தவிர அந்தப் பந்தலில் யாருக்கும் அதில் ஆச்சரியமே இல்லை. சின்னப் பிள்ளைகள் "ஓடு மாமா, ஓடு" என்று கைதட்டினார்கள். அவர் திரும்பி வரும்போது, வெறுங்கையோடு வருவானேன் என்று ஊர்ப் போன் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

"போயிருச்சுங்களா மேடம்மா?"

"எங்கண்ணே போகும்? நீங்க தூக்கிக்கிட்டு ஓடிட்டீங்களே!" என்று பிடித்துக்கொண்டேன். "இது டவர் வழியா போறதில்ல. உங்க போனும் என் லேப்டாப்பும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் போகும். தூரமாப் போனா அந்துரும்."

"நெட்டு வாணாமா?"

"வேணாம்."

"டவரு?"

"அதுவும் வேணாம்."

"அப்ப எப்பிடி மேடம்மா போவுது?"

"காத்துல போகுது, போதுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "காத்து பாற மேலதான நல்லா அடிக்குது?"

பிரகாஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்து அடக்கினேன். மாரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுபடியும் கம்பளிக்குள் போய் அமுக்கிவிட்டு வந்தேன். இந்த முறை கோடு பாதி வரைக்கும் வந்து கொஞ்சம் தயங்கியது. அதைப் பார்த்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏற மாட்டேங்குது" என்று முணுமுணுத்தபடி போனை எடுத்துக் கையைத் தூக்கினார். உரல் மேல் ஏறினார். அங்கிருந்து மாட்டு வண்டி மேல். நான் "அண்ணே!" என்று அலறித் திரும்புவதற்குள் கொட்டகைக் கூரையில் ஒரு கால் வைத்துவிட்டார். இணைப்பு மறுபடியும் போனது.

"எறங்குங்கண்ணே! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எறங்குங்க! என் உயிரை வாங்காதீங்க!"

"போறன்னு நெனக்கல மேடம்மா. காலு தானா ஏறுது" என்றார் கூரையிலிருந்து. பொய் சொல்லவில்லை. அழுகிற நிலையில் இருந்தார்.

அப்போதுதான் ரேவதி எழுந்தாள். முறத்தில் ஒரு துண்டை விரித்து, போனை அதில் வைத்து, லேப்டாப்பை ஒட்டி வைத்தாள். மாமனைக் கீழே இறக்கிப் பக்கத்தில் உட்கார வைத்து, வளையல் குலுங்க அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எங்கயும் போவக் கூடாது மாமா. என் பக்கத்துலயே குந்தினு இரு."

மூன்றாவது தடவை ஆரம்பித்தேன். கோடு நகர்ந்தது. நின்றபோதெல்லாம் அவர் முழங்கால் தூக்கியது, ரேவதி பிடியை இறுக்கினாள், முழங்கால் அடங்கியது. முதல் படம் வந்தது. பந்தக்கால், வாழைக்குலையோடு. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. அடுத்தது ஐயருடைய முதுகு. அடுத்தது வெங்கடப்பனின் கட்டைவிரல், நகத்துக்குள் மண்ணோடு. "யாரு விரலுன்னு சொல்லணுமா!" என்று யாரோ கத்தினார்கள். அதற்கடுத்து ரேவதி. தலையைக் குனிந்து மணவறைக்கு முன்னால் நிற்கிறாள். நானே எடுத்திருந்தாலும் அதைவிட நன்றாக வந்திருக்காது. வெங்கடப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து அக்காவைப் பார்த்தார். மாரம்மா இன்னும் முகம் கொடுக்கவில்லை, ஆனால் ஒரு அடி முன்னால் வந்தாள். பிரகாஷ் தாலியைக் கையில் வாங்குகிற படம் வந்தது.

"அடுத்ததுதான்" என்றார் வெங்கடப்பன்.

அடுத்தது வந்தது. லேப்டாப் முழுக்க வெங்கடப்பனுடைய முகம்.

நான் அடுத்ததைத் திறந்தேன். அதிலும் அவர் முகம். அதற்கடுத்ததும் அதுதான். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் அவசரத்தில் இவர் விரல் எங்கேயோ பட்டு, போனின் முன்பக்கக் கேமரா திறந்துகொண்டிருக்கிறது. வெயிலில் அவருக்கு எங்கே தெரியப் போகிறது? மூன்று முடிச்சு முடிகிற வரைக்கும் மனிதர் தன் முகத்தையே எடுத்துத் தள்ளியிருக்கிறார்.

பந்தல் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. சம்பந்தி அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெங்கடப்பன் பேயறைந்தவர் மாதிரி இருந்தார். "அந்தப் பக்கந்தான புடிச்சன்... அந்தப் பக்கந்தான..." என்று வாய் திரும்பத் திரும்பச் சொன்னது. "அய்யோ தேவ்ரே!" என்று மாரம்மா கடவுளைக் கூப்பிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை வருவதற்கு முன்னால் ரேவதி கையை உயர்த்தினாள்.

"இரும்மா. அக்கா, அந்தப் படத்தப் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினேன். தலைப்பாகையில் அட்சதை ஒட்டியிருக்கிறது. கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீர் மீசையில் நிற்கிறது. வாய் மட்டும் பல் தெரியச் சிரிக்கிறது. அவர் தோளுக்குப் பின்னால் மாரம்மா. கை நிறைய அட்சதையைத் தூக்கிப் பிடித்தவள் போடுவதற்கு மறந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்குப் பக்கத்தில், எதற்கும் அசையாத நாராயணப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஊரே நிற்கிறது. அத்தனை கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கிறது.

ரேவதி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தாலி கட்டறப்ப நான் குனிஞ்சினு இருந்தன். மேளந்தான் கேட்டுது" என்றாள். "நீங்கல்லாம் எப்பிடி நின்னீங்கன்னு எனக்குத் தெரியாது. இப்பதான் பாக்கறன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன்! அந்த நேரத்தில் ஒரு தடவைகூட என் கேமரா எதிர்ப்பக்கம் திரும்பியதில்லை. தள்ளி நில்லுங்கள், மறைக்கிறது என்று நான் துரத்திவிட்ட முகங்கள் எல்லாம் இந்தப் பக்கத்து முகங்கள்தான்.

மாரம்மா லேப்டாப்புக்குக் கிட்டே வந்து குனிந்தாள். "ஏன்டா இப்பிடி அழுத?" என்றாள் தம்பியிடம்.

"நீ மட்டும் சிரிச்சினா இருக்கற? பின்னால பாரு" என்றார் அவர்.

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். "சாப்பிட்டியா நீ? காலையில இருந்து ஓடினே இருக்கற" என்றாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ரேவதியின் பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். பிரகாஷ் என் பக்கம் குனிந்து, "அக்கா, ஆல்பத்துல மொதல் பக்கம் இதுதான் வரணும். எனக்கும் இப்பவே ஒண்ணு அனுப்பிருங்க" என்றான்.

அனுப்பு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், வெங்கடப்பனின் முழங்கால் தூக்கியது. பாதி எழுந்தும்விட்டார். அதற்கு மேல் எழ முடியவில்லை. ரேவதி இன்னும் அந்தக் கையை விட்டிருக்கவில்லை.

"இரு மாமா" என்றாள். "நான் வேன் ஏற வரைக்குமாவது இங்கயே இரு."